நம்ம ஊர் கிரவுண்டில் நாம்தான் ராஜாவா?

"கால்பந்தா? அதைப் போய் எங்கள் பத்திரிகையில் எதற்குப் போடுகிறீர்கள்?" என்று கேட்கப் போகும் சகோதரிகளுக்கு முதலில் ஒரு வார்த்தை. ராத்திரி ஒன்பதரை மணிக்குக் கூடத்தில் டி.வி. அலறுகிறது. "அந்த ரெஃப்ரிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று பிள்ளை கத்துகிறான். தட்டில் போட்ட தோசை ஆறி வறட்டியாகிறது. அப்பாவுக்கோ ரத்தக் கொதிப்பு மாத்திரை போட்டுக் கொள்ளவே மறந்து விடுகிறது. இதெல்லாம் நம் வீட்டு விஷயம்தானே? அப்படி என்னதான் சண்டை என்று தெரிந்து கொண்டால் நஷ்டமில்லை. கொஞ்சம் லாபம்கூட உண்டு.

செஞ்சிக்குப் போகிற வழியில் பனமலை. குன்றின் மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில், கீழே ஏரி. ஏரிக்கரை ஓரமாக ஒரு சாயங்காலம் பிள்ளைகள் கூடிப் பேசிக் கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு அணி. ஒருவன் சென்னையின் எஃப்.சி. கட்சி. கொச்சியில் வேலை பார்த்துவிட்டு வந்த இன்னொருவன் கேரளா பிளாஸ்டர்ஸ் கட்சி. மூன்றாவது ஆளுக்கு பெங்களூரு.

"சொந்த கிரவுண்டுல ஆடினா யார்தான் ஜெயிக்க மாட்டான்? கூட்டம் அவனுது, புல்லு அவனுது, ரெஃப்ரியும் பாதி அவனுது" என்றான் கொச்சிக்காரன்.

"போண்ணே! எங்க டீம் ரெண்டு கப்பும் அடுத்தவன் கிரவுண்டுலதான் தூக்கிச்சு. அப்புறம் என்ன சொந்த கிரவுண்டு, வந்த கிரவுண்டு?" என்றான் சென்னைக்காரன்.

இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. அதுதான் இந்த விஷயத்தில் சுவாரஸ்யமே.

லீக் ஆட்டங்களில் ஒவ்வொரு அணியும் மற்ற அணியோடு இரண்டு தடவை மோதுவதுதான் பொதுவான வழக்கம். ஒன்று சொந்த ஊரில், ஒன்று எதிராளி ஊரில். நாம் பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் மாறி மாறிப் போய் வருகிற மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்களேன். பிறந்த வீட்டில் இருட்டில்கூட தண்ணீர்ப் பானை எங்கே என்று கை தானாகப் போகும். புகுந்த வீட்டில் முதல் மாசம் உப்பு ஜாடியைத் தேடுவதற்குள் குழம்பு கொதித்து அடங்கி விடும். ஆட்டக்காரனுக்கும் அதே கதிதான். அதனால்தான் ஐரோப்பாவில் 1965-ல் ஒரு விதியே கொண்டு வந்தார்கள். இரண்டு ஆட்டத்தின் மொத்தக் கணக்கு சமமாகப் போனால், வெளியூரில் போட்ட கோலுக்கு மதிப்பு ஜாஸ்தி என்று. இந்தச் சலுகை ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓடி, 2021-ல் எடுக்கப்பட்டது. எடுத்தபோது அவர்கள் சொன்ன கணக்கைப் பாருங்கள்: 1970-களின் நடுவில் நூற்றுக்கு 61 ஆட்டத்தில் உள்ளூர் அணி ஜெயித்தது, வந்த அணி ஜெயித்தது வெறும் 19. பிறகு அது 47-க்கு 30 என்று ஆகிவிட்டது. நல்ல பஸ், நல்ல ஓட்டல், ஒரே மாதிரி புல்தரை, டி.வி. கேமரா எல்லாம் வந்த பிறகு வித்தியாசம் சுருங்கியிருக்கிறது. ஆனாலும் போய்விடவில்லை.

வெள்ளத்தில் வீடு இழந்த அணி

சென்னைக்காரப் பையன் சொன்ன கதை நிஜமாகவே நடந்தது. 2015 டிசம்பரில் பெய்த பேய் மழையை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். சென்னை மட்டுமா, நம் பக்கத்துக் கடலூரே மிதந்தது. அந்த நேரத்தில்தான் இந்தியன் சூப்பர் லீகின் அரையிறுதி. சென்னையின் அணி தன் முதல் ஆட்டத்தைச் சென்னை நேரு ஸ்டேடியத்தில், கொல்கத்தா அணியோடு ஆடியிருக்க வேண்டும். ஊரே தண்ணீரில் நிற்கும்போது ஆட்டமாவது பாட்டாவது? ஆட்டத்தைப் புனேக்கு மாற்றினார்கள். பெயருக்குத்தான் அது 'சொந்த ஆட்டம்'. டிசம்பர் 12-ம் தேதி அங்கே சென்னை 3-0 என்று ஜெயித்தது. நான்கு நாள் கழித்துக் கொல்கத்தாவில் 2-1 என்று தோற்றாலும், மொத்தக் கணக்கில் 4-2 என்று இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டது.

இறுதி ஆட்டம் எங்கே? கோவாவில், ஃபடோர்டா மைதானத்தில், எதிர் அணியும் கோவாவேதான்! டிசம்பர் 20. எண்பத்தேழாவது நிமிஷம் கோவா இரண்டாவது கோலைப் போட்டு 2-1 என்று முன்னால் போனதும் அந்த ஊர் குதித்த குதிப்பைப் பார்க்க வேண்டும். அடுத்த ஐந்து நிமிஷத்துக்குள் கதை தலைகீழ். தொண்ணூறாவது நிமிஷம் கோவாவின் கோல் கீப்பர் தடுமாறி, பந்து அவர் மேல் பட்டே வலைக்குள் போய்விட்டது. கூடுதல் நேரத்தில் மென்டோசா இன்னொன்று. 3-2! வெள்ளத்தில் சட்டி பானை இழந்து நின்ற நகரத்துக்கு அன்றைக்கு ஒரு சின்ன சிரிப்பு கிடைத்தது. அந்த அணியின் சொந்தக்காரர்கள் என்றால் அபிஷேக் பச்சன், தோனி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வீட்டா தானி என்ற பெண்மணியும் அதில் பங்குதாரர் என்பதை யாரும் சொல்வதே இல்லை. போகட்டும்.

இரண்டாவது கோப்பை 2018 மார்ச் 17-ம் தேதி. இந்தத் தடவை பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியம், எதிராளியும் பெங்களூரு எஃப்.சி. ஒன்பதாவது நிமிஷமே சுனில் சேத்ரி தலையால் முட்டிக் கோல் போட்டுவிட்டார். அரங்கமே நீலக் கடல். அதற்கப்புறம் மெயில்சன் ஆல்வ்ஸ் என்ற தடுப்பாட்டக்காரர் கார்னர் பந்துகளைத் தலையால் முட்டி இரண்டு கோல், ரஃபேல் அகஸ்டோ ஒரு கோல். மறுபடியும் 3-2.

"பார்த்தீங்களா?" என்று பையன் மார் தட்டுவது நியாயம்தான். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். ஒரு தெருவில் இரண்டு பேர் பீடி குடித்துத் தொண்ணூறு வயசு வாழ்ந்தார்கள் என்பதால் பீடி உடம்புக்கு நல்லது என்று ஆகிவிடுமா? அந்த மாதிரிதான் இதுவும். இரண்டு ஆட்டத்தை வைத்துப் பொதுவிதி சொல்லிவிட முடியாது. நூற்றுக்கணக்கான ஆட்டங்களைப் பார்த்தால் கொச்சிக்காரன் கட்சிதான் பலம்.

சத்தம் யார் காதில் விழுகிறது?

கூட்டம் போடுகிற சத்தத்தால் ஆட்டக்காரனுக்கு வீரம் வருகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். கொஞ்சம் வருகிறதுதான். ஆனால் அந்தச் சத்தம் அதிகமாக வேலை செய்வது நடுவரின் மனசில்!

இங்கிலாந்தில் 2002-ல் வெளிவந்த ஒரு சோதனை. தகுதி பெற்ற 40 நடுவர்களை உட்கார வைத்து, ஒரே ஆட்டத்திலிருந்து 47 மோதல்களை வீடியோவில் காட்டினார்கள். பாதிப் பேருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, மீதிப் பேருக்குச் சத்தமே இல்லாமல். சத்தத்தோடு பார்த்தவர்கள் உள்ளூர் அணி மேல் சொன்ன ஃபவுல் கிட்டத்தட்ட 15 சதவீதம் குறைவு. அவர்கள் யாரும் லஞ்சம் வாங்கவில்லை. ஆயிரம் பேர் ஒரே குரலில் "ஐயோ!" என்றால், "நாம்தான் சரியாகப் பார்க்கவில்லையோ" என்று மனுஷ மனசு ஒரு நொடி தயங்குகிறது. அவ்வளவுதான். கல்யாண வீட்டில் நாலு பெரியவர்கள் சேர்ந்து "பையன் நல்ல சிவப்பு" என்றால் நமக்கும் அப்படியே தெரிவதில்லையா?

ஸ்பெயினில் இன்னொரு கணக்கு எடுத்தார்கள். ஆட்ட முடிவில் நடுவர் கூடுதலாகக் கொடுக்கும் நிமிஷங்கள் பற்றியது. உள்ளூர் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தால் தாராளமாக நேரம் கொடுக்கிறார்கள். ஒரு கோல் முன்னால் இருந்தால் சீக்கிரம் ஊதி முடிக்கிறார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

"ரெஃப்ரி பாதி அவனுது" என்று கொச்சிக்காரப் பிள்ளை சொன்னதை வெறும் வயிற்றெரிச்சல் என்று தள்ளிவிட முடியாது, பார்த்தீர்களா?

இதற்குச் சாட்சியாக கொரோனா வந்து சேர்ந்தது. 2020 மே 16-ல் ஜெர்மனியின் லீக் காலி அரங்கில் மறுபடி தொடங்கியது. கைதட்டல் இல்லை, ஊளை இல்லை, பந்து உதைபடும் ஓசைதான் கேட்டது. அந்த மிச்ச ஆட்டங்களில் உள்ளூர் அணி ஜெயித்தது மூன்றில் ஒரு பங்குதான். அதற்கு முன்பு அதே பருவத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். வந்த அணிக்கு முன்பெல்லாம் கிடைத்த அதிகப்படி மஞ்சள் அட்டைகளும் குறைந்து போயின. பல நாட்டு லீக்குகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும் இதையே சொன்னார்கள்.

நம் நாட்டிலும் 2020 மார்ச் 14-ல் ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டம் ஆளில்லாத ஃபடோர்டாவில்தான் நடந்தது. சென்னை மூன்றாவது தடவையாக வெளியூரில் இறுதி ஆட்டம் ஆடி, கொல்கத்தா அணியிடம் 3-1 என்று தோற்றது. 'அடுத்தவன் வீட்டில்தான் நமக்கு ராசி' என்று பேசிய ரசிகர்கள் அன்றைக்கு வாயை மூடிக் கொண்டார்கள். அதற்கடுத்த இரண்டு பருவமும் எல்லா அணியும் கோவாவிலேயே அடைபட்டு ஆடின. யாருக்கும் வீடில்லை.

கோட்டையும் மலையும்

செஞ்சிக்காரர்களுக்குச் சொந்த மண்ணின் பலத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ராஜகிரி உச்சிக்கு ஏறிப் பாருங்கள். மேலே போகும் முன் பாறை பிளந்து கிடக்கிறது, அதைத் தாண்ட ஒரே ஒரு பாலம். அந்த வழியை அடைத்துவிட்டால் கீழே எத்தனை ஆயிரம் பேர் நின்றாலும் ஒன்றும் நடக்காது. ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்ஃபிகர் கான் 1690-ல் முற்றுகை போட்டு, கோட்டையைப் பிடிக்க 1698 ஆகிவிட்டது. நடுவில் கோட்டைக்குள் இருந்தவர்களை விட வெளியே கூடாரம் போட்டவர்களே தானியத்துக்குத் தவித்தார்கள். வெளியூர் ஆட்டத்தில் சோறுதான் முதல் பிரச்னை என்பது அப்போதே தெரிந்த சங்கதி! பிறகு 1714-ல் ராஜா தேசிங்கு என்ன செய்தான்? கோட்டைக்குள் இருந்து சண்டை போடாமல், கொஞ்சம் குதிரை வீரர்களோடு வெளியே வந்து ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையோடு மோதினான், மாண்டான். வீரம்தான், பாட்டு பாடி மூன்று நூற்றாண்டாகக் கொண்டாடுகிறோம். சொந்த மைதானத்தை விட்டுக் கொடுத்தவன் என்று ஒரு கால்பந்து பயிற்சியாளர் அவனைக் கோபித்துக் கொண்டிருப்பார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டில் செஞ்சியும் ஒன்று என்பது உபரிச் செய்தி.

மலையையே சொந்த மைதானமாக வைத்திருக்கிற நாடு ஒன்று உண்டு. தென் அமெரிக்காவில் பொலிவியா. அதன் லா பாஸ் மைதானம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,600 மீட்டர். நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள். அங்கே காற்று லேசு, மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு. அந்த ஊர்க்காரர்களின் ரத்தம் அதற்குப் பழகியிருக்கிறது. சமவெளியிலிருந்து வருகிறவனுக்கு அரை மணி ஓடினாலே தலை சுற்றும், வாந்தி வரும். உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் அதுவரை தோற்றே அறியாத பிரேசில், 1993-ல் அங்கேதான் முதல் தடவையாகத் தோற்றது. 2009 ஏப்ரல் 1-ம் தேதி மாரடோனா பயிற்சியாளர், மெஸ்ஸி ஆட்டக்காரர் என்று போன அர்ஜென்டினா 6-1 என்று வாங்கிக் கட்டிக் கொண்டது. ஏப்ரல் முட்டாள் தினச் செய்தி என்றே பலர் நினைத்தார்களாம்.

எதிராளிகள் புகார் சொல்லாமல் இருப்பார்களா? "இது ஆட்டமா, உடம்புக்கு ஆபத்து" என்றார்கள். 2007 மே மாதம் ஃபிஃபா 2,500 மீட்டருக்கு மேல் சர்வதேச ஆட்டம் கூடாது என்று உத்தரவு போட்டது. பொலிவியாக்காரர்களுக்கு வந்ததே கோபம்! "நாங்கள் பிறந்து, காதலித்து, பிள்ளை பெற்று வாழ்கிற ஊரில் நாங்கள் பந்து ஆடக் கூடாதா?" என்பதுதான் அவர்கள் கட்சி. அந்த நாட்டு ஜனாதிபதி ஈவோ மொராலெஸ் தாமே பந்து உதைத்துக் காட்டினார். முதலில் அளவை உயர்த்தினார்கள், அப்புறம் 2008-ல் தடையை நிறுத்தி வைத்துவிட்டார்கள். பிறகு பொலிவியா இன்னும் மேலே, 4,000 மீட்டரைத் தாண்டிய எல் ஆல்டோவுக்கே போய்விட்டது. 2025 செப்டம்பரில் அங்கே பிரேசிலை 1-0 என்று ஜெயித்தும் காட்டியது.

யார் பக்கம் நியாயம்? எனக்கென்னவோ பொலிவியா பக்கம்தான். ஆட்டக்காரர்கள் பத்து நாள் முன்னதாகப் போய்ப் பழகிக் கொள்ள முடியாதபடி அட்டவணை போடுவது யார் தப்பு? அங்கே வாழும் ஜனங்கள் மேல் அதைச் சுமத்துவானேன்.

புகார் எல்லை மீறும்போது

தோற்றவர் புகார் சொல்வது உலக வழக்கம். சில சமயம் அது வழக்குப் பேச்சோடு நிற்பதில்லை. 2015 இறுதி ஆட்டம் முடிந்ததும் கோவா அணி நடுவர் மேல் கோபித்துக் கொண்டு பரிசளிப்பு விழாவையே புறக்கணித்தது. அதற்காகப் பெரிய அபராதம், புள்ளிக் குறைப்பு என்று தண்டனை வந்து, மேல்முறையீட்டில் புள்ளிக் குறைப்பு நீங்கியது. 2023 மார்ச் 3-ம் தேதி பெங்களூர் கண்டீரவாவில் இன்னொரு காட்சி. கேரளா ஆட்கள் சுவர் அமைக்கும் முன்பே சேத்ரி ஃப்ரீ கிக்கை அடித்துக் கோலாக்கினார், நடுவர் ஒப்புக் கொண்டார். கேரளா அணி மைதானத்தை விட்டே வெளியேறிவிட்டது! அந்தப் புகார் நிராகரிக்கப்பட்டது. அணிக்கு நான்கு கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டம் தடை. பனமலை ஏரிக்கரையில் இன்னும் அந்த ஃப்ரீ கிக் அடிக்கப்பட்டுக் கொண்டேதான் இருக்கிறது. பெங்களூர்க்காரனும் கொச்சிக்காரனும் சாகும் வரை அதைப் பேசுவார்கள் போலிருக்கிறது. பேசட்டும், அடித்துக் கொள்ளாத வரையில்.

ஏன் சொல்கிறேன் என்றால், 1980 ஆகஸ்ட் 16-ம் தேதி கல்கத்தா ஈடன் தோட்டத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. இருவருக்கும் ஒரே ஊர், யாரும் வெளியூர் இல்லை. ஆட்டத்தில் ஆரம்பித்த உரசல் பார்வையாளர் வரிசைக்குப் பரவி, கல், அடிதடி, நெரிசல். 16 ரசிகர்கள் செத்துப் போனார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு "மேட்ச் பார்த்துட்டு வந்துடறேம்மா" என்று கிளம்பிப் போன பிள்ளைகள். அந்த நாளை அந்த ஊரில் வருஷா வருஷம் ரத்த தானம் செய்து நினைவு கொள்கிறார்கள். மைதானத்துக்குப் பிள்ளையை அனுப்புகிற அம்மாக்கள் ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள்: எதிர் அணிச் சட்டைக்காரர்கள் உட்காரும் பக்கம் போகாதே, தள்ளுமுள்ளு வந்தால் கூட்டத்தோடு எதிர்த்துத் தள்ளாமல் பக்கவாட்டில் ஒதுங்கு, வெளிவாசல் எங்கே என்று உள்ளே நுழையும்போதே பார்த்து வை.

வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கும் ஆபத்து இல்லாமலில்லை. 2006 உலகக் கோப்பை ஜெர்மனியில் நடந்தபோது மூனிக் பகுதி டாக்டர்கள் ஒரு கணக்கு எடுத்தார்கள். சொந்த நாட்டு அணி ஆடிய நாட்களில் இதய அவசரக் கேஸ்கள் மற்ற நாட்களைப் போல 2.66 மடங்கு. ஆண்களுக்கு 3.26, பெண்களுக்கு 1.82. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்குத்தான் அதிக பாதிப்பு. ஆகவே வீட்டில் பிரஷர், நெஞ்சு வலிக்காரர் இருந்தால் ஆட்டம் தொடங்கும் முன்பே மாத்திரையைக் கையில் கொடுத்து விழுங்க வையுங்கள். சிப்ஸ், ஊறுகாய், சிகரெட் பக்கத்தில் வேண்டாம். தனியாகப் பார்க்க விடாதீர்கள். நெஞ்சு இறுகுகிறது, இடது கை குடைகிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்றால் "பெனால்டி முடியட்டும்" என்று காத்திருக்காமல் 108-க்கு போன் செய்யுங்கள்.

புது இடத்தில் தூக்கம் வராதது ஏன்?

வெளியூர் போனவனுக்கு ஏன் கால் பின்னுகிறது என்பதற்கு உடம்பிலும் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் 2003-ல் ஆண் ஆட்டக்காரர்களின் எச்சிலைப் பரிசோதித்தார்கள். சொந்த ஊர் ஆட்டத்துக்கு முன் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு உயர்ந்திருந்தது. எதிராளி ஜென்மப் பகையாளி என்றால் இன்னும் ஜாஸ்தி. தன் தெருவில் நாய் குரைக்கிற குரலே வேறு அல்லவா? அந்தச் சங்கதிதான்.

அடுத்தது தூக்கம். அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் 2016-ல் கண்டுபிடித்தது இது. புது இடத்தில் படுக்கும் முதல் ராத்திரி, மூளையின் இடது பாதி முழுசாகத் தூங்குவதில்லை. காவல்காரன் மாதிரி ஒரு காதைத் தீட்டிக் கொண்டே இருக்கிறது. சின்னச் சத்தத்துக்கும் விழித்துக் கொள்கிறது. இதற்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் 'முதல் ராத்திரி விளைவு'. சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதுதான் பெயர்! அடுத்தடுத்த ராத்திரிகளில் சரியாகி விடுகிறதாம். வெளியூரில் பரீட்சை, இன்டர்வியூ, போட்டி எதுவானாலும் முடிந்தால் இரண்டு ராத்திரி முன்னதாகப் போய்ச் சேர்வது நல்லது. வசதியில்லாவிட்டால் தன் தலையணை உறை, போர்த்திக் கொள்ளும் பழைய போர்வை, இவற்றையாவது கொடுத்து அனுப்புங்கள். பழகிய வாசனை கொஞ்சம் ஆறுதல்.

சாப்பாட்டில் ஒரே ஒரு விதி: ஆட்டத்துக்கு முந்தின நாள் புதுசாக எதையும் வயிற்றில் போடக் கூடாது. வெளியூர் பிரியாணியை ஜெயித்த பிறகு சாப்பிடலாம். ஆட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு இட்லி, இடைவேளையில் வாழைப்பழம், காய்ச்சி ஆற வைத்த தண்ணீர் வீட்டிலிருந்தே. வியர்வை ஜாஸ்தி கொட்டுகிற வெயிலில் உப்புப் போட்ட மோர் ரொம்ப நல்லது.

நம் பெண்களுக்கு எது சொந்த மைதானம்?

இதுவரை பேசியதெல்லாம் ஆண்கள் கதை. பெண்கள் ஆட்டத்திலும் உள்ளூர் அனுகூலம் உண்டு, ஆனால் ஆண்கள் ஆட்டத்தை விடக் குறைவு என்று ஐரோப்பிய லீக்குகளை ஒப்பிட்டவர்கள் சொல்கிறார்கள். எனக்குத் தோன்றும் காரணம் ஒன்று. சத்தம் போடக் கூட்டம் வந்தால்தானே அனுகூலம்?

நம் தமிழ்நாட்டுப் பெண்கள் 2018 பிப்ரவரியில் கட்டக்கில் நடந்த தேசியப் போட்டியில் மணிப்பூரை 2-1 என்று ஜெயித்து முதல் தடவையாகச் சாம்பியன் ஆனார்கள். மணிப்பூர் என்றால் பெண்கள் கால்பந்தில் சிம்ம சொப்பனம். அடுத்த வருஷம், 2019 மே மாதம், மதுரை சேது எஃப்.சி. பெண்கள் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று ஜெயித்து இந்தியப் பெண்கள் லீக் கோப்பையைக் கொண்டு வந்தார்கள். கடலூர் மாவட்டத்து இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கே ஆடியவர், தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். கட்டக், லூதியானா... எல்லாம் எங்கேயோ! அப்போதெல்லாம் பெண்கள் லீகின் கடைசிச் சுற்றை ஒரே ஊரில் வைத்து முடித்து விடுவார்கள். உள்ளூர், வெளியூர் என்று மாறி மாறி ஆடும் முறை 2023-24 பருவத்தில்தான் வந்தது. நம் பெண்கள் தங்கள் ஊர் ஜனங்கள் கைதட்டிக் கேட்டதே அபூர்வம்.

பனமலைப் பிள்ளைகளின் வாதத்தை நடுவில் ஒரு பெண் குறுக்கிட்டாள். பள்ளிக்கூட அணியில் ஆடுகிறவளாம், அந்தச் சென்னைக்காரனின் தங்கை.

"அண்ணே, கூட்டம், ரெஃப்ரி, புல்லு எல்லாம் சொன்னீங்க. கக்கூஸ் சொல்லலையே?"

பையன்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"எங்க ஸ்கூல் கிரவுண்டுல ஆடினா பக்கத்துலேயே பாத்ரூம். வெளியூர் போனா சில இடத்துல கதவே இருக்காது. அதனால காலையிலேர்ந்து யாரும் தண்ணியே குடிக்க மாட்டோம். ரெண்டாவது ஹாஃப்ல கால் இழுத்துக்கும். அதான் தோக்கறோம்."

இதற்கு எந்தக் கட்சிக்காரனிடமும் பதில் இல்லை.

அவள் சொன்னதை டாக்டர்கள் நம் எல்லோரையும் விட நன்றாக அறிவார்கள். வெயிலில் ஓடுகிற உடம்பு தண்ணீர் இல்லாமல் போனால் தசைப்பிடிப்பு, தலைவலி, மயக்கம் வரும். சிறுநீரை மணிக்கணக்கில் அடக்கினால் கிருமி தங்கி, நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வரும். பெண்களுக்குச் சிறுநீர்த் தாரை நீளம் குறைவு என்பதால் இந்தத் தொல்லை ஆண்களை விட அதிகம். மாதவிலக்கு நாளாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அந்த நாட்களில் விளையாடக் கூடாது என்று சட்டமில்லை. வலி தாங்கும்படி இருந்தால் தாராளமாக ஆடலாம். ஆனால் நாப்கின் மாற்ற ஒரு மூடிய இடமும், ஒரு பக்கெட் தண்ணீரும், போட ஒரு குப்பைத் தொட்டியும் வேண்டும். ஒரே நாப்கினோடு ஏழெட்டு மணி நேரம் இருந்தால் தொடை உரசிப் புண்ணாகும், கிருமித் தொற்றும் வரலாம். அதிக ரத்தப் போக்கு உள்ள பெண்ணுக்குச் சோகை இருக்கிறதா என்று ஒரு தடவை ரத்தம் பரிசோதித்துவிடுங்கள். முருங்கைக் கீரை, கேழ்வரகு, பேரீச்சை, கூடவே ஒரு நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை, இவையெல்லாம் நம் ஊரிலேயே மலிவு.

மகள் வெளியூர் ஆட்டத்துக்குப் போகிறாள் என்றால், டீச்சரிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை மணிக்கு வருவாள்?" என்பதல்ல. "அங்கே பெண்களுக்குக் கழிப்பறை எங்கே இருக்கிறது, தாழ்ப்பாள் உண்டா, தண்ணீர் வருமா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடமோ தெரிந்தவர் வீடோ முன்கூட்டியே ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். நம் ஊருக்கு எதிர் அணிப் பெண்கள் வரும்போதும் இதே ஏற்பாட்டை நாம் செய்ய வேண்டும். ஒரு அம்மா தன் வீட்டுச் சாவியை அந்த டீமிடம் கொடுத்து வைத்தால்கூடப் போதும்.

கூடவே ஒரு நாள் நீங்களும் பஸ் ஏறுங்கள். பெண் ஆடுகிற மைதானத்தின் ஓரத்தில் நாலு அம்மாக்கள் நின்று ஒரே குரலில் "ஐயோ!" என்றால் நடுவரின் காதிலும் அது விழத்தான் செய்யும்.